ஆராய்ச்சி மணி முதல் இழப்பீட்டு மனு வரை

கேமரன் மலைத்தொடரின் மேற்பகுதியில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள சிறு நகரம் பிரிஞ்சாங். அதன் வடக்கே சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளமாய் விரிந்து கிடக்கிறது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மேட்டு நிலத்தைக் கண்டறிந்தார். எனினும், தாப்பாவிலிருந்து மேலேறும் சாலை 1930களின் தொடக்கத்தில் முடிவுற்ற பின்னரே இங்கு வாழ்க்கை வேரூன்றியது. 1929இல் தொடங்கப்பெற்ற போ தேயிலை நிறுவனமும் அதனையொட்டி எழுந்த பிற தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளரின் கைகளால் வளர்ந்தவை. அம்மக்களை மலைக்குக் கொண்டுவந்தது அச்சாலை; அவர்கள் பறித்த கொழுந்தை மலையினின்றும் இறக்கியதும் அச்சாலையே.

வாழ்வளித்த சாலை உயிரையும் உறுப்பையும் வாங்கியதுண்டு. வளைவுக்கு மேல் வளைவு, ஒருபுறம் பாறை, மறுபுறம் பள்ளம், மாலையானால் மூடுபனி என்பது மலைச்சாலையின் இயல்பு. 2010ஆம் ஆண்டு டிசம்பர் 20ஆம் நாள், கேமரன் மலையிலிருந்து சிம்பாங் பூலாய்ச் சாலை வழியாக இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்ததில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் தாய்லாந்து நாட்டினர். அத்தகைய பெருவிபத்துகள் செய்தித்தாளின் முதற்பக்கத்தில் இடம்பெறுகின்றன. ஆனால் ஒரு லோரியில், ஒரு வாடகைக் காரில், கைப்பேசிச் செயலி வழியாக அழைத்த ஒரு வண்டியில் சென்று கால் முறிந்தவரின் செய்தி எப்பக்கத்திலும் வருவதில்லை. அவருக்கு எஞ்சி நிற்பது ஒரே வினா: இவ்விழப்பை ஈடுசெய்ய வேண்டியவர் யார்?

பிறர் ஓட்டும் வண்டியில் ஏறிச் சென்று காயமுற்றவர் எவரிடம் நீதி கேட்பது என்னும் இவ்வினா இன்று நேற்றுப் பிறந்ததன்று. அதற்கு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தவர்க்கே இன்றைய சட்டத்தின் பயனும் குறையும் விளங்கும்.

தேர்க்காலும் மணியும்

தமிழர் அறிந்த சாலை விபத்துகளுள் மிகப் பழையது திருவாரூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுவது. மனுநீதிச் சோழனின் மைந்தன் ஊர்ந்த தேரின் சக்கரத்தில் சிக்கி ஓர் இளங்கன்று மாண்டது. தாய்ப்பசு அரண்மனை வாயிலுக்குச் சென்று ஆராய்ச்சி மணியைக் கொம்பினால் அசைத்தது. மன்னன் உண்மை அறிந்து, தன் மகனையே தேர்க்காலில் இட்டான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் இதனை விரிவாகப் பாடினார். அதற்கு முன்னரே சிலப்பதிகாரத்தில், பாண்டியன் அவையில் தன் நாட்டின் பெருமையை எடுத்துரைக்கும் கண்ணகி இந்நிகழ்ச்சியைச் சுட்டுகிறாள். இலங்கையின் மகாவம்சமும் இதனையொத்த கதையை எல்லாளன் மீது ஏற்றிக் கூறுகிறது. பகைவனாகக் கருதப்பட்ட மன்னனையும் அந்நூல் இந்நீதிக்காகப் போற்றுகிறது என்பது நோக்கத்தக்கது.

வகுப்பறைகளில் இக்கதை மன்னனின் நடுவுநிலைமைக்குச் சான்றாகக் கற்பிக்கப்படுகிறது. அது பொருத்தமே. எனினும், பாதிக்கப்பட்டவரின் பக்கம் நின்று நோக்கின் இரு செய்திகள் புலனாகும். முதலாவது, அம்மணி வாயில்லாப் பசுவும் எட்டக்கூடிய உயரத்தில் கட்டப்பட்டிருந்தது. வழக்குரைக்கும் வழி எளியவர்க்கு எட்டுமாறு அமைந்தாலன்றி நீதி என்பது வெறுஞ்சொல்லே. இரண்டாவது, அந்நீதி குற்றம் புரிந்தவனைத் தண்டித்தது. ஆனால் கன்றை இழந்த பசுவுக்கு அத்தண்டனையால் கிடைத்தது யாது? கன்றும் மைந்தனும் உயிர்பெற்றெழ, சேக்கிழாரின் காவியத்தில் இறைவனே தோன்ற வேண்டியதாயிற்று.

தண்டனை வேறு, இழப்பீடு வேறு. ஓட்டுநருக்குத் தண்டம் விதிப்பதனால் முறிந்த கால் கூடுவதில்லை. நின்றுபோன சம்பளம் திரும்புவதில்லை. இன்றும் காவல் நிலையத்தில் ஓட்டுநர்மேல் வழக்குப் பதிவானதும் தம் காரியம் முடிந்ததென எண்ணி வீடு திரும்புவோர் உளர். அவர்கள் தேர்க்கால் நீதியோடு நின்றுவிடுகின்றனர். இழப்பீட்டு நீதியைத் தனியே தேடிச் செல்ல வேண்டும் என்பதை அவர்க்கு எடுத்துரைப்பார் இல்லை.

இறைச்சிக் கடைக்காரரின் வண்டி

இழப்பீட்டுச் சட்டத்தின் புதுக்கால வரலாறும் ஒரு வண்டியிலிருந்தே தொடங்குகிறது. இங்கிலாந்தில் இறைச்சிக் கடைக்காரர் ஒருவரிடம் பிரீஸ்ட்லி என்னும் பணியாள் வேலை செய்தான். முதலாளியின் கட்டளைப்படி சரக்கு வண்டியில் ஏறிச் சென்றான். அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றப்பட்டிருந்த அவ்வண்டி உடைந்து விழ, அவனது தொடை எலும்பு முறிந்தது. அவன் முதலாளிமேல் வழக்குத் தொடுத்தான். சான்றாயர் குழு அவனுக்கு 100 பவுன் வழங்கத் தீர்ப்பளித்தது. ஆயினும், 1837இல் மேல்நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

நீதிபதி அபிங்கர் பிரபு கூறிய காரணங்கள் ஊன்றி நோக்கத்தக்கவை. இப்பணியாளுக்கு இழப்பீடு வழங்கினால், நாளை கோச்சு வண்டியின் பின்னால் நின்று செல்லும் ஏவலாளனும் வண்டியின் பழுதுக்காகத் தன் எசமானைக் கேட்பான். இதற்கு எல்லை ஏது என அவர் அஞ்சினார். வண்டியின் நிலையை முதலாளியைப் போலவே வேலையாளும் அறிவான், ஆபத்தென்று கண்டால் ஏற மறுத்திருக்கலாம் என்பதும் அவர் வாதம். மறுத்தால் வேலை போகும் என்பது அத்தீர்ப்பில் எண்ணப்படவில்லை. உடன் பணிபுரிவோரின் தவறால் ஒரு தொழிலாளி காயமுற்றால் முதலாளி பொறுப்பல்லர் என்னும் கோட்பாடு இவ்வழக்கிலிருந்தே வளர்ந்தது. இங்கிலாந்தில் அக்கோட்பாடு முற்றாக ஒழிந்தது 1948ஆம் ஆண்டில்தான். நூறாண்டுக்கு மேலாக எண்ணற்ற தொழிலாளர் அதன் நிழலில் வெறுங்கையராய் நின்றனர்.

இதற்கிடையே மற்றொரு சிந்தனை தோன்றியது. 1884இல் செருமனியில் பிஸ்மார்க்கு தொழிலாளர் விபத்துக் காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். 1897இல் இங்கிலாந்தும் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1923இல் இயற்றப்பட்ட சட்டம் 1924 சூலை முதல் நடப்புக்கு வந்தது. எவர் தவறு என்று தேடாமல், வேலையினால் விளைந்த காயமாயின் ஈடு செய்க என்பதே இச்சட்டங்களின் உயிர்நாடி. தவறு எவருடையது என மெய்ப்பிக்கும் சுமை ஏழையின் தோளிலிருந்து இறக்கப்பட்டமை பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் மாற்றங்களுள் ஒன்று.

தோட்டத்து லோரியும் சொக்சோவும்

மலாயாவில் இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அறிமுகமாயிற்று. 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அதனைச் செம்மைப்படுத்தியது. ஆயினும், தோட்டப்புறத்தில் சட்டம் ஏட்டிலும் வழக்கம் நடப்பிலும் வெவ்வேறாக இருந்தன. விபத்து நேர்ந்தால் கிராணியிடம் சொல்வது, தோட்ட மருந்தகத்தில் கட்டுப் போட்டுக்கொள்வது, துரை மனமிரங்கிக் கொடுப்பதைப் பெற்றுக்கொள்வது என்பதே பலர் அறிந்த வழி. உரிமையாகப் பெறவேண்டியதைத் தருமமாகப் பெறும் பழக்கம் அவ்வாறு ஊறியது. 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவாகி, உரிமை என்னும் சொல்லைத் தோட்டத்து வழக்கில் நிலைநிறுத்த முயன்றது.

1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அடுத்த படி. அதன்கீழ் 1971இல் சமூகப் பாதுகாப்பு நிறுவனம் செயற்படத் தொடங்கியது. மக்கள் அதனைச் சொக்சோ என்றும் பெர்கேசோ என்றும் வழங்குகின்றனர். இதன் வேலையிடக் காயத் திட்டத்திற்குரிய சந்தாவை முதலாளியே முழுதும் செலுத்துகிறார். மருத்துவர் தொழிலாளியை நான்கு நாளுக்குக் குறையாமல் வேலைக்குத் தகுதியற்றவர் எனச் சான்றளித்தால், அவரது சராசரி நாட்சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவியாகக் கிடைக்கும்.

சாலை விபத்தைப் பொறுத்தவரை இச்சட்டத்தின் 24ஆம் பிரிவு மிக இன்றியமையாதது. வீட்டிலிருந்து வேலைக்கும், வேலையிலிருந்து வீட்டிற்கும், வேலையின் பொருட்டும், உணவு வேளையில் வேலையிடத்திலிருந்து உணவருந்தும் இடத்திற்கும் செல்லும் வழியில் நேரும் விபத்து வேலையிடக் காயமாகவே கருதப்படும். இடையில் தன் சொந்த நோக்கத்திற்காகப் பயணத்தை முறித்தோ வழி மாறியோ சென்றிருத்தல் கூடாது. தானா ராத்தாவில் வேலை பார்க்கும் ஒருவர் காலையில் பிரிஞ்சாங்கிலிருந்து வாடகைக் காரில் செல்லும்போது அடிபட்டால், காரோட்டியின் தவறா எதிர்வண்டியின் தவறா என்னும் ஆராய்ச்சிக்கு முன்னரே சொக்சோவின் வாயில் அவருக்குத் திறந்திருக்கிறது. வேலைக்குச் செல்லும் வழியில் என்ற மூன்று சொற்களை மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் சொல்லத் தவறியதனால், பின்னர் அதனை மெய்ப்பிக்க இடர்ப்படுவோர் உண்டு.

பயணிக்கு இல்லாத காப்பு

மோட்டார் வண்டிகள் பெருகியபோது மற்றொரு சிக்கல் எழுந்தது. வழக்கில் வென்றாலும், இடித்தவர் வறியவராயின் தீர்ப்பு வெறுந்தாளாய் நிற்கும். 1930ஆம் ஆண்டில் இங்கிலாந்து, மூன்றாம் தரப்பினருக்கான காப்புறுதியின்றி எவரும் வண்டியோட்டலாகாது என விதித்தது. மலாயாவின் 1958ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டமும், அதன் இடத்தைப் பெற்ற 1987ஆம் ஆண்டுச் சட்டமும் அந்நெறியையே பின்பற்றின. காப்புறுதியே இல்லாத வண்டியால் பாதிக்கப்பட்டோரின் துயர் தீர்க்க, 1968இல் போக்குவரத்து அமைச்சரும் மோட்டார் காப்புறுதியாளர் கழகமும் ஓர் உடன்பாடு செய்துகொண்டனர்.

இங்கு ஒரு நுட்பத்தைத் தெளிவாக உணர்தல் வேண்டும். கட்டாயக் காப்புறுதி சாலையில் நடப்பவரையும் பிற வண்டியில் வருவோரையும் காக்கிறது. வண்டிக்குள்ளே அமர்ந்திருக்கும் பயணியைக் காக்க வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 91ஆம் பிரிவு பொதுவாக வற்புறுத்தவில்லை. இரு விலக்குகளே உள. வாடகைக்கோ கட்டணத்திற்கோ பயணிகளை ஏற்றும் வண்டி ஒன்று. வேலை ஒப்பந்தத்தின் காரணமாக ஆட்களை ஏற்றிச் செல்லும் வண்டி மற்றொன்று. இவ்விரண்டிலும் பயணிக்கும் காப்பு இருந்தே ஆகவேண்டும். தோட்டத்து லோரியில் வேலைக்கு ஏற்றிச் செல்லப்படும் தொழிலாளர் இரண்டாவது விலக்கில் அடங்குவர். இங்கிலாந்து 1970களின் தொடக்கத்திலேயே எல்லாப் பயணிகளுக்கும் காப்புறுதியைக் கட்டாயமாக்கிவிட்டது. நமது சட்டம் பழைய வழியிலேயே நின்றது.

இதனால் விளைவது என்ன? இரு கார்கள் மோதுகின்றன என்று கொள்வோம். தவறு எதிர்க்காருடையதாயின், இக்காரின் பயணி எதிர்க்காரின் காப்புறுதிக்கு மூன்றாம் தரப்பினர். அவர் வழி நேரானது. தவறு தாம் ஏறிய காரின் ஓட்டுநருடையதாயின், அக்காருக்குப் பயணிக் காப்பு உண்டா என்பதே அவர் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். பலர் இவ்வேறுபாட்டை மருத்துவமனைக் கட்டிலில் படுத்த பின்னரே முதன்முதலாகக் கேள்விப்படுகின்றனர்.

மலைநாட்டில் நெடுங்காலம் நிலவிய பிரேபெட் சாப்பு என்னும் வழக்கத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்த்தல் தகும். உரிமம் பெறாத சொந்தக் காரில் ஆட்களைக் கட்டணத்திற்கு ஏற்றிச் செல்வதற்கு மக்கள் இட்ட பெயர் அது. பேருந்து அருகிய தோட்டப்புறத்தில் அது மக்களுக்குப் பேருதவி. சந்தைக்கும் மருந்தகத்திற்கும் கோவில் திருவிழாவிற்கும் அக்கார்களே கதி. ஆனால் சொந்தப் பயன்பாட்டிற்கென எடுத்த காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைக்கு ஓட்டுவதற்கு இடமில்லை. விபத்து நேர்ந்ததும் காப்புறுதி நிறுவனம் அவ்விதியைச் சுட்டிக் காட்டும். ஓட்டுநரோ அண்டை வீட்டுக்காரர். அவர்மேல் வழக்குத் தொடுக்க மனம் வருமா? தொடுத்தாலும் அவரிடம் பெறுவதற்கு என்ன இருக்கும்? இவ்வாறு பல காயங்கள் உறவின் பெயரால் மௌனத்தில் புதைந்தன.

செயலி வழி வந்த வண்டி

2012இல் மலேசியாவில் மைடெக்சி என்னும் பெயரில் தொடங்கிய சேவை பின்னர்க் கிரேப் என வளர்ந்தது. அமெரிக்க நிறுவனமான ஊபரும் சில ஆண்டு இங்கு இயங்கி, 2018இல் தன் தென்கிழக்காசியத் தொழிலை அதனிடம் ஒப்படைத்தது. சொந்தக் காரை வைத்திருப்போர் கைப்பேசிச் செயலி வழியாகப் பயணிகளை ஏற்றலாயினர். ஒரு வகையில் நோக்கின், சாப்புக் காருக்குச் சட்டத்தின் ஏற்பு பெற்றுத்தரும் முயற்சி என்றே இதனைக் கூறலாம். ஆனால் சட்டம் எழுந்து வருமுன்னரே கார்கள் சாலைக்கு வந்துவிட்டன.

அவ்விடைவெளியில் என்ன நேரும் என்பதை உலகிற்கு உணர்த்திய நிகழ்ச்சி 2013 டிசம்பர் 31ஆம் நாள் இரவில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் நடந்தது. செயலியைத் திறந்து வைத்துப் பயணியின் அழைப்புக்குக் காத்திருந்த ஓர் ஓட்டுநரின் கார் மோதி, சாலையைக் கடந்த ஆறு வயதுச் சிறுமி மாண்டாள். தாயும் தம்பியும் காயமுற்றனர். காரில் அப்போது பயணி எவருமில்லை, ஆதலால் அது தம் சேவையின் பகுதியன்று என நிறுவனம் வாதிட்டது. சொந்தப் பயன்பாட்டுக் காப்புறுதியோ வாடகைத் தொழிலை ஏற்பதில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு குடும்பம் நின்றது. இதன் விளைவாகக் கலிபோர்னியா 2014இல் ஒரு சட்டம் இயற்றி, 2015 சூலை முதல் நடப்பாக்கியது. செயலியைத் திறந்து காத்திருக்கும் நேரம், அழைப்பை ஏற்றுப் பயணியை நோக்கிச் செல்லும் நேரம், பயணியோடு செல்லும் நேரம் என மூன்று கட்டமாக அது பகுத்தது. பின்னிரண்டு கட்டங்களுக்கும் 10 இலட்சம் டாலர் வரை காப்பு இருத்தல் வேண்டும் என்றது.

மலேசியா வேறு வரிசையில் சென்றது. முதலில் ஓட்டுநரின் நலம் கருதி, சுயதொழில் செய்வோருக்கான சமூகப் பாதுகாப்புச் சட்டம் 2017 சூன் முதல் டாக்சி ஓட்டுநர்க்கும் மின்-அழைப்புக் கார் ஓட்டுநர்க்கும் நடப்புக்கு வந்தது. 2020இல் அது வேறு பல துறைகளுக்கும் விரிந்தது. இத்திட்டம் ஓட்டுநர்க்கு உரியது, பயணிக்கு அன்று என்பதை மறத்தலாகாது. பயணியின் பாதுகாப்பு 2018இல் திருத்தப்பட்ட பொதுப் போக்குவரத்துச் சட்டங்களின் வழி வந்தது. மின்-அழைப்புக் கார் ஓட்டுநர் பொதுச் சேவை வாகன உரிமம் பெறுதல் வேண்டும். கார் சோதனைக்கு உட்படுதல் வேண்டும். அத்தொழிலுக்குரிய காப்புறுதி எடுத்திருத்தல் வேண்டும். இவ்விதிகளை மீறுவோர்மேல் 2019 அக்டோபர் 12 முதல் நடவடிக்கை எடுக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் கிக் தொழிலாளர் மசோதா மக்களவையில் நிறைவேறியது.

எனினும், மலைமேல் ஒரு பழைய வழக்கம் புதிய உருவில் தொடர இடமுண்டு. செயலியில் கார் கிடைக்காத வேளையில், அல்லது கட்டணத்தைக் குறைக்கும் பொருட்டு, ஓட்டுநரோடு நேரே பேரம் பேசி ஏறுவதே அது. செயலியில் பதிவாகாத பயணம் மீண்டும் சாப்புக் கார்ப் பயணமே. மிச்சமாகும் ஐந்து வெள்ளிக்கு விலையாக, பயணத்தின் சான்றும் காப்பின் உறுதியும் கைவிட்டுப் போகின்றன.

உடலுக்கு விலை பேசும் கணக்கு

வழக்கில் வென்றவர் பெறும் தொகை எவ்வாறு கணக்கிடப்படுகிறது? காயத்தின் வலிக்கும் ஊனத்திற்கும் ஒரு தொகை. மருத்துவச் செலவுக்கு ஒரு தொகை. இனி ஈட்ட இயலாத வருமானத்திற்கு ஒரு தொகை. மூன்றாவதனைக் கணிக்கும் முறையை 1984ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டம் வரையறுத்தது. அத்திருத்தத்திற்குமுன் நீதிபதியின் மதிப்பீட்டிற்கு விடப்பட்டிருந்ததைச் சட்டம் ஒரு வாய்பாடாக்கியது. முப்பது வயதும் அதற்குக் கீழும் உள்ளவருக்குப் பதினாறு ஆண்டு வருமானம். அதற்கு மேற்பட்டோருக்கு 55இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் பாதி. 2019இல் அந்த 55, 60 ஆக உயர்த்தப்பட்டது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். திங்கள் ஒன்றுக்கு 1,500 வெள்ளி ஈட்டும் நாற்பது வயதுப் பெண் ஒருவர் வேலை செய்யும் ஆற்றலை முற்றும் இழந்தார் எனக் கொள்வோம். 60இலிருந்து 40 போக எஞ்சுவது 20. அதன் பாதி 10. ஆண்டுக்கு 18,000 வெள்ளி வீதம் பத்தாண்டுக்கு 180,000 வெள்ளி. இதிலிருந்து அவரது வாழ்க்கைச் செலவு கழிக்கப்படும். அவர் வயது 58 ஆயின் ஓராண்டு வருமானமே கிட்டும். 60ஐ எட்டியவருக்கு இத்தலைப்பின்கீழ் ஒன்றுமில்லை. விபத்துக்குமுன் சம்பாதித்துக் கொண்டிராதவருக்கும் இல்லை. அவர் மாணவராயினும் சரி, இல்லத்தரசியாயினும் சரி.

இக்கணக்கின் குறை இங்கேதான் வெளிப்படுகிறது. தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு பெற்ற மூதாட்டி ஒருவர் தம் வீட்டுத் தோட்டத்தில் காய்கறி பயிரிடுகிறார். பேரப்பிள்ளைகளை வளர்த்து, மகளும் மருமகனும் வேலைக்குச் செல்ல வழி செய்கிறார். விபத்தில் அவர் இடுப்பு முறிந்தால் அக்குடும்பத்தின் அச்சே முறிகிறது. வாய்பாடோ அவரது உழைப்பைச் சுழி என எழுதுகிறது. அவ்வாறே, கணவனையோ மனைவியையோ பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையையோ இழந்தோரின் துயரத்திற்கெனச் சட்டம் வகுத்த தொகை 1984க்குப் பின் நெடுங்காலம் 10,000 வெள்ளியாகவே நின்றது. 2019இல்தான் அது 30,000 ஆயிற்று. விலைவாசி ஏறிய முப்பத்தைந்து ஆண்டுகளில் துயரத்தின் மதிப்பு மட்டும் ஏறாமல் நின்றது வியப்பிற்குரியது.

பிற நாடுகள் காட்டும் வழி

இந்தியா இத்துறையில் வேறொரு நெறியை வகுத்தது. 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் 1956இல் செய்யப்பட்ட திருத்தம், விபத்து இழப்பீட்டுக்கெனத் தனித் தீர்ப்பாயங்கள் அமைய வழிசெய்தது. தமிழ்நாட்டில் சாலையில் அடிபட்டவர் சிவில் வழக்கின் நெடும்பாதையில் செல்லாமல் அத்தீர்ப்பாயத்தில் மனுச் செய்கிறார். 1982இல் மற்றொரு முன்னேற்றம் நிகழ்ந்தது. எவர் தவறு என்று முடிவாகும் முன்னரே, உயிரிழப்புக்கு 15,000 ரூபாயும் நிலையான ஊனத்திற்கு 7,500 ரூபாயும் உடனடியாக வழங்க வேண்டும் எனச் சட்டம் விதித்தது. பின்வந்த சட்டங்கள் அத்தொகைகளை உயர்த்தின. தொகை சிறிதாயினும், பட்டினி கிடக்கும் குடும்பத்திற்கு வழக்கு முடியும்வரை காத்திரு என்று சொல்லாத மனிதநேயம் அதில் இருந்தது.

நியூசிலாந்து மேலும் ஒரு படி சென்றது. 1967இல் நீதிபதி உட்ஹவுஸ் தலைமையிலான ஆணையம் அளித்த அறிக்கையைத் தழுவி, 1974 ஏப்ரல் முதல் விபத்தில் காயமுற்ற எவருக்கும் ஒரு பொது நிதியிலிருந்து உதவி வழங்கப்படுகிறது. தவறு எவருடையது என்னும் வழக்கே அங்குப் பெரும்பாலும் எழுவதில்லை. கட்டணப் பயணியா, இலவசப் பயணியா, செயலியில் பதிவானவரா என்னும் வேறுபாடுகள் அத்திட்டத்தின்முன் மறைந்துபோகின்றன.

மணி எட்டும் உயரத்தில் உள்ளதா?

மலேசியாவில் மோட்டார் விபத்து வழக்குகளை, தொகை எத்துணை பெரிதாயினும், செசன்சு நீதிமன்றமே விசாரிக்கலாம். வறியவர்க்கு 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சட்ட உதவி அமைப்பு உண்டு. ஆதலின் மணி கட்டப்படவில்லை என்று கூற இயலாது. ஆனால் அதன் கயிற்றைப் பற்றுவதற்குச் சில செய்திகளை அறிந்திருத்தல் வேண்டும்.

விபத்து நேர்ந்த இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் ஓட்டுநர் காவல் நிலையத்தில் அறிவிக்கக் கடமைப்பட்டவர். காயமுற்ற பயணியும் தம் வாய்மொழியைத் தனியே பதிவு செய்தல் நன்று. வண்டியின் எண், மருத்துவமனைச் சீட்டுகள், மருந்துக்கும் பயணத்திற்கும் கொடுத்த பணத்தின் இரசீதுகள், சம்பளச் சீட்டுகள், செயலியில் உள்ள பயணப் பதிவு ஆகியவை பேணப்படல் வேண்டும். பொதுவாக வழக்குத் தொடுக்க ஆறாண்டுக் காலம் உண்டு. இறந்தவரின் குடும்பத்தார் தம் பிழைப்பாதரவை இழந்ததற்குக் கேட்பதாயின் மூன்றாண்டே. அரசாங்க வண்டியாயின் முப்பத்தாறு திங்களே. பின்னிருக்கையிலும் இருக்கை வார் அணிதல் 2009 சனவரி முதல் கட்டாயம். அதனை அணியாதவரின் தொகை, அவரது கவனக்குறைவின் அளவுக்கு ஏற்பக் குறைக்கப்படலாம். வழக்கில் கிடைப்பதில் இத்தனை விழுக்காடு எனக்கு என்று பேசிக் கையெழுத்து வாங்குவோரிடமும் விழிப்பாயிருத்தல் வேண்டும். அத்தகைய உடன்பாட்டை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் ஏற்பதில்லை.

இவை அனைத்தும் மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதப்பட்ட படிவங்களின் உள்ளே அடங்கிக் கிடக்கின்றன. தோட்டத்து முதியவர்க்கு அவை எட்டாத உயரம். அவ்வுயரத்தைக் குறைக்கும் ஆற்றல் அவ்வீட்டில் படிக்கும் பிள்ளைக்கு உண்டு. படிவத்தைப் படித்துப் பொருள் சொல்லவும், நிகழ்ந்ததை நாள், நேரம், இடம் பிறழாமல் எழுதவும், பிழையின்றி ஒரு விண்ணப்பம் வரையவும் மொழிப்பாடத்திலேயே பயிற்சி தரலாம். மனுநீதிச் சோழன் கதையைக் கற்பிக்கும் நாளில், பசுவின் சார்பில் ஒரு மனு எழுதச் சொல்வதும் நற்பயிற்சியே. மனு எழுதக் கற்ற மாணவன் தன் பாட்டிக்காக ஒருநாள் அதனை எழுதுவான்.

இறைச்சிக் கடைப் பணியாளுக்கு 1837இல் மறுக்கப்பட்டது இன்று தோட்டத் தொழிலாளிக்கு உரிமையாகிவிட்டது. சாப்புக் காரில் ஏறியவருக்கு இல்லாத காப்பு மின்-அழைப்புக் காரில் ஏறுபவருக்கு வந்துவிட்டது. இவற்றுள் எதுவும் தானே கனிந்து விழுந்த பழமன்று. ஒவ்வொரு விதிக்குப் பின்னும் முறிந்த எலும்பும், விடாது கேட்ட ஒரு குரலும் உண்டு. உழைப்பைச் சுழி என எழுதும் வாய்பாடும், பொதுப் பயணிக்குக் காப்பளிக்காத பழைய பிரிவும் இன்னும் திருத்தப்பட வேண்டியவை. கேட்பவர் பெருகுமளவே திருத்தமும் விரையும்.